மாட்டுக்கடையிலிருந்து கோழிக்கடைக்கு: ஓட்டமாவடிப் பக்கத்துக் குடும்பம் ஒன்றும் இறைச்சித் தொழிலின் வேலைகளும்

மட்டக்களப்பில் இறைச்சி வெட்டுகிற வேலை அழிந்துபோகவில்லை. ஆனால் அந்த வேலையை யார் செய்கிறார், சம்பளம் எந்தக் கணக்கில் வருகிறது, உழைத்த மனிதருக்கு வயதான காலத்தில் என்ன மிஞ்சுகிறது என்பதெல்லாம் ஒரே தலைமுறைக்குள் மாறிவிட்டது. இந்த மாற்றத்தை ஒரு குடும்பத்தை வைத்துப் பார்க்கலாம். ஓட்டமாவடிப் பக்கம் இருக்கிற ஒரு வாப்பா, அவருடைய இரண்டு ஆண்மக்கள். மூவரும் கத்தி பிடித்தே சோறு தின்றவர்கள். மூவருக்கும் கிடைத்த வேலை மூன்று விதம். பெயர்களைப் போடவில்லை. அவர்கள் வேலை செய்த கடைகளின் பெயர்களும் இங்கே தேவையில்லை.

வேலைவாய்ப்பு என்றாலே நம் பகுதியில் அரசாங்க உத்தியோகம், ஆடைத் தொழிற்சாலை, வெளிநாடு என்றுதான் பேச்சுப் போகிறது. விடியுமுன் எழுந்து ஊருக்கே இறைச்சி கொடுக்கிற மனிதர்களைத் தொழிலாளர் என்று யாரும் எண்ணுவதே இல்லை. என் ஆதங்கமே அதுதான்.

வாப்பாவின் வேலை

வாப்பா சிறுவனாக இருந்தபோது தன் மாமாவின் கடையில் எடுபிடியாகச் சேர்ந்தவர். முதலில் தண்ணீர் அள்ளி ஊற்றுவது, குடல் கழுவுவது. அப்புறம் தோல் உரிப்பது. அறுக்கிற கத்தி கைக்கு வர வருடங்கள் ஆயின. பட்டிக்குப் போய் மாட்டின் பல்லைப் பார்த்து வயது சொல்வார். இடுப்பையும் முதுகையும் தடவிப் பார்த்து இத்தனை கிலோ இறைச்சி தேறும் என்பார், பெரும்பாலும் பிசகாது. தோலில் ஒரு கீறல் விழுந்தாலும் விலை போய்விடும் என்பதால் உரிக்கும்போது பேச்சுக்கொடுக்கக் கூடாது என்பார்கள் அவரோடு வேலை செய்தவர்கள். மார்க்கச் சட்டப்படி அறுப்பது, இரத்தம் முழுவதும் வடிய விடுவது, மூட்டுப் பார்த்துப் பிரிப்பது, எலும்போடு எவ்வளவு, தனி இறைச்சி எவ்வளவு என்று பங்கு வைப்பது எல்லாம் ஒரே மனிதரின் கையில் இருந்தன. நாள் சம்பளத்தோடு வீட்டுக்கு ஒரு பங்கு இறைச்சியும் உண்டு. ஹஜ்ஜுப் பெருநாள் வந்தால் உழ்ஹிய்யா, அதாவது குர்பானி, அறுக்க வீடு வீடாக அழைப்பார்கள். அந்தச் சில நாட்களின் வருமானம் பல மாதக் கடனைத் தீர்க்கும்.

இந்த வேலை எந்தச் சட்டகத்துக்குள் நடக்கிறது என்பதைச் சொல்லாமல் மேலே போக முடியாது. இலங்கையில் இறைச்சிக் கடைக்கு அனுமதிப்பத்திரம் வேண்டும் என்பது 1893ஆம் ஆண்டின் கசாப்புக்காரர் கட்டளைச் சட்டத்திலிருந்து வருகிறது. கடைக்கான மாட்டை உள்ளூராட்சி சபையின் மடுவத்தில், அதாவது அறுக்குமிடத்தில், அல்லது அனுமதி பெற்ற இடத்தில்தான் அறுக்க வேண்டும். பரிசோதனை முடிந்த பிறகுதான் இறைச்சி கடைக்குப் போகலாம். போயா எனப்படும் பௌர்ணமி தினத்தில் கடை பூட்டு. இவற்றோடு இன்னொன்றும் உண்டு, அதைத்தான் வெளியில் இருக்கிறவர்கள் அறிவதில்லை. பல ஊர்களில் மாட்டிறைச்சிக் கடையை நகரசபையோ பிரதேச சபையோ வருடா வருடம் டெண்டர் போட்டுக் குத்தகைக்குக் கொடுக்கிறது. கூடிய தொகை கேட்டவருக்குக் கடை.

சபைக்கு இது நல்ல வருமானம், அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் குத்தகை எடுத்தவர் போட்ட காசைப் பன்னிரண்டு மாதத்துக்குள் எடுத்தாக வேண்டும். மாட்டு விலை பட்டிக்காரர் கையில். இறைச்சி விலையை ஓரளவுக்கு மேல் கூட்டினால் சனம் கோழிக்குப் போய்விடும். சபைக்குக் கட்டிய காசு திரும்பாது. அப்போது அவரால் இறுக்கக்கூடியது கூலி ஒன்றுதான். அடுத்த வருடம் கடை தன் கையில் இருக்குமா என்று அவருக்கே தெரியாது. அப்படி இருக்கையில் வேலைசெய்கிறவருக்கு நியமனக் கடிதம் கொடுக்கவோ வயதான காலத்துக்கான சேமலாப நிதி (இபிஎப்) கட்டவோ அவர் ஏன் மினக்கெடப் போகிறார்? வாப்பா ஒரே கடையில் இருந்து இறைச்சி வெட்டினார். முதலாளிகள் மாறிக்கொண்டே இருந்தார்கள். சட்டத்தின் கண்ணில் அவர் ஒவ்வொரு வருடமும் புதிதாக வேலைக்கு வந்தவர்போல.

மாடு குறைந்தது ஏன்

ஓட்டமாவடி, வாழைச்சேனை, ஏறாவூர் கடைகளுக்கு வருகிற மாட்டில் கணிசமானது கிரான், சித்தாண்டி, செங்கலடிப் பக்கத்துத் தமிழ்ப் பட்டிக்காரரின் மாடு. அறுக்கிறவர் முஸ்லிம், வளர்க்கிறவர் தமிழர், நடுவில் இரண்டு பக்கமும் தெரிந்த ஒரு தரகர். சண்டைக் காலத்திலும் இந்தக் கொடுக்கல் வாங்கல் முழுதாக அறுந்துபோகவில்லை. எத்தனையோ சமாதானக் கூட்டங்கள் செய்யாததை இந்த வியாபாரம் சத்தமில்லாமல் செய்து வந்திருக்கிறது என்பது என் எண்ணம்.

அந்தப் பட்டிகளின் உயிர்நிலம் மயிலத்தமடு, மாதவனை மேய்ச்சல் தரை. பெரும்போக வயல் விதைத்தவுடன் மாடுகளை அங்கேதான் கொண்டுபோக வேண்டும். வெளிமாவட்டங்களில் இருந்து வந்தவர்கள் அந்தத் தரையில் பயிர் செய்யத் தொடங்கியதும் பிரச்சினை முற்றியது. மாடுகள் சுடப்பட்டன, கண்ணியில் மாட்டின. 2023 செப்டம்பரில் பண்ணையாளர்கள் சித்தாண்டியில் வீதியோரம் குந்தித் தொடர் போராட்டம் தொடங்கினார்கள். வாப்பாவுக்குப் பல வருடம் மாடு கொடுத்த பட்டிக்காரர் ஒருவர் சொன்னது இது: "காக்கா, மாடு நிக்கவே இடமில்ல. உங்களுக்கு விக்கிறதுக்கு நான் எங்க போற?"

அடி ஒரு பக்கத்திலிருந்து மட்டும் வரவில்லை. 2020 செப்டம்பரில் மாடு அறுப்பதைத் தடைசெய்யும் யோசனைக்கு அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தது. இறைச்சி வேண்டியவர்களுக்கு வெளிநாட்டிலிருந்து இறக்கிக் கொடுப்போம் என்றும் சொன்னார்கள். அதற்கான சட்டத் திருத்தம் நிறைவேறவில்லை. ஆனாலும் ஒரு தொழிலை மூடப்போகிறோம் என்று அரசாங்கம் வாயால் சொன்னாலே போதும், ஒரு தகப்பன் தன் மகனை அந்தத் தொழிலில் விடமாட்டான். 2020இல்தான் மாட்டின் தோலில் கட்டி கட்டியாக எழும்பும் நோயும் இலங்கைக்குள் வந்தது. 2022 டிசம்பரில் மண்டூஸ் புயல் நாட்களின் குளிரில் வடக்கிலும் கிழக்கிலும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட மாடுகளும் ஆடுகளும் செத்தன. இப்படி ஒன்று வரும்போதெல்லாம் மாடு ஏற்றுவதையும் இறைச்சி கொண்டுபோவதையும் தடுப்பார்கள். பொதுச் சுகாதாரத்துக்கு அது தேவைதான். ஆனால் அந்த நாட்களில் கத்தி பிடிக்கிறவருக்குக் கூலி இல்லை, நட்டஈடும் இல்லை.

பெரிய மகனும் கோழியும்

பெரிய மகன் வாப்பாவிடம் தொழில் படித்தவர். ஆனால் வேலை கிடைத்தது பிரதான வீதியில் இருக்கிற ஒரு கோழிக்கடையில்.

ஒரு சின்னக் கணக்கைப் பார்ப்போம். நம் பகுதி நாட்டு மாடு ஒன்று 200 கிலோ நின்றால், தோல், தலை, குடல் போக ஏறக்குறைய 90 கிலோ தேறும். ஆறு வாரம் வளர்த்த புரொய்லர் கோழி 2 கிலோ நிற்கும், சுத்தம் பண்ணினால் 1.4 கிலோ அளவில் வரும். ஒரு மாட்டின் இறைச்சிக்கு ஈடுகட்ட 64 கோழி அறுக்க வேண்டும். மாட்டுக்குத் தேர்ந்த கை இரண்டோ மூன்றோ போதும். 64 கோழிக்கு 64 தடவை பிடித்து, அறுத்து, சுடுதண்ணீரில் போட்டு, இறகு எடுத்து, வயிறு கீறிக் கழுவி, துண்டு போட வேண்டும். ஆக, சனம் மாட்டிலிருந்து கோழிக்கு மாறினால் வேலை குறையாது, கூடவே செய்யும்.

கூடியது என்ன மாதிரி வேலை? அதைப் பார்த்தால்தான் விஷயம் புரியும். மாட்டுக்குத் தேவைப்பட்ட அறிவில் பெரும்பகுதி கோழிக்குத் தேவையில்லை. ஒரு கிழமை பக்கத்தில் நின்று பார்த்தால் யாரும் பழகிக்கொள்ளலாம். இறகு பிடுங்க ரப்பர் விரல் வைத்த மெஷின் வந்த பிறகு ஒரு ஆளின் இடமும் போயிற்று. பழகுவது சுலபம் என்பதால் ஆளை மாற்றுவதும் சுலபம். சம்பளம் நாளுக்கு என்று இல்லாமல் கோழிக்கு இவ்வளவு என்று ஆனது. ஞாயிற்றுக்கிழமை, பெருநாள், புதுவருடம் என்றால் நிமிர நேரமிருக்காது. வைகாசியில் கண்ணகை அம்மன் சடங்கு தொடங்கினால் தமிழ் ஊர்களில் வாங்குகிறவர்கள் குறைவார்கள். கந்தசஷ்டிக்கும் அப்படித்தான். போயா வருடத்தில் பன்னிரண்டோ பதின்மூன்றோ நாள் நிச்சயம். கோழி அறுக்காத நாளில் காசு இல்லை. வியாபாரத்தின் ஏற்ற இறக்கம் முழுவதையும் கடைக்காரர் அறுக்கிறவரின் தோளில் இறக்கி வைத்துவிட்டார். இதுதான் கூலிமுறையில் நடந்த பெரிய மாற்றம். கோழியா மாடா என்பதைவிட இது முக்கியம்.

சரி, உயிர்க்கோழிக் கடையாவது உள்ளூரில் இருக்கிறது. அதற்கும் மேலே குளிரூட்டிய லொறியில் வருகிற கோழி. இலங்கையின் கோழி உற்பத்தி குருநாகல், புத்தளம், கம்பஹாப் பக்கமே திரண்டிருக்கிறது. பெரிய அறுக்கும் ஆலைகள், சொசேஜ் ஆலைகள், தீவன ஆலைகள் எல்லாம் மேற்கில்தான். கோழித் தீவனத்தில் பெரும்பகுதி சோளம்தான். அந்தச் சோளத்தை விளைவிக்கிற மாவட்டங்களில் அம்பாறையும் மட்டக்களப்பும் உண்டு: மகா ஓயா, பதியத்தலாவ, வாகரை, கரடியனாறு. மயிலத்தமடுவில் மேய்ச்சல் தரையைப் பிடித்து விதைத்ததிலும் சோளம் இருந்தது. மாட்டுக்கான புல் போய், கோழிக்கான சோளம் வந்து, அந்தச் சோளம் லொறி ஏறி மேற்கே போய், அங்கே கோழியாகி, உறைந்த பொதியாக எங்கள் கடைக் குளிர்பெட்டிக்குத் திரும்புகிறது. விளைநிலம் இங்கே, வாங்குகிறவர் இங்கே. நடுவில் இருக்கிற மாதச் சம்பள வேலைகள் மட்டும் வேறு மாகாணத்தில். இந்த வட்டத்தை நினைக்கிற ஒவ்வொரு முறையும் எனக்கு வயிறு எரிகிறது.

பெரிய மகனுக்கு ஒரு பெருநாள் நெருக்கத்தில் கத்தி வழுக்கி இடது கையில் நரம்பு வெட்டுப்பட்டது. அரச வைத்தியசாலையில் தைத்தார்கள். இரண்டு விரல் இன்றுவரை சரியாக மடியாது. கடைக்காரர் கெட்ட மனிதர் இல்லை. வீட்டுக்குச் சாமான் வாங்கிக் கொடுத்தார், கொஞ்ச நாள் காசும் கொடுத்தார். அப்புறம் அந்த இடத்துக்கு வேறொரு பையன் வந்துவிட்டான். வேலையில் காயப்பட்டவருக்கு நட்டஈடு கொடுக்க வேண்டும் என்று 1934ஆம் ஆண்டிலேயே இந்த நாட்டில் சட்டம் இருக்கிறது என்பது அப்போது இருவருக்கும் தெரியாது. கம்பி வலையில் செய்த வெட்டுப்படாத கையுறை ஒன்று கடையில் இருந்திருந்தால் அந்தச் சட்டத்தைத் தேடவே வேண்டியிருந்திருக்காது.

கணக்கில் வராத காசு

தேசிய குறைந்தபட்ச மாதச் சம்பளம் 2025 ஏப்ரலில் 27,000 ரூபாவாகவும் 2026 ஜனவரியில் 30,000 ரூபாவாகவும் உயர்த்தப்பட்டது. 30,000 ரூபாவையே வைத்துக்கொள்வோம். ஊழியர் சேமலாப நிதிக்குத் தொழிலாளியிடமிருந்து 8 வீதம், முதலாளியிடமிருந்து 12 வீதம் என்று மாதம் 6,000 ரூபா. ஊழியர் நம்பிக்கை நிதிக்கு முதலாளி கட்ட வேண்டிய 3 வீதம் 900 ரூபா. வருடத்துக்கு 82,800 ரூபா, வட்டி வேறு. கோழிக்கு இவ்வளவு என்று கூலி வாங்குகிறவருக்கும், நாட்கூலிக்காரருக்கும், தற்காலிகமாக வந்தவருக்கும் இது வேலைக்குச் சேர்ந்த முதல் நாளிலிருந்தே உரியது. கடையில் ஒரே ஒரு ஆள் வேலை செய்தாலும் உரியது. "நாங்கள் சின்னக் கடைதானே" என்பது பதில் ஆகாது.

வாப்பாவுக்கு ஐம்பத்தைந்து வயதில் கையில் வந்திருக்க வேண்டிய தொகையை நினைத்துப் பாருங்கள். அன்றைய சம்பளங்கள் சிறியவைதான், ஆனால் வருடங்கள் பல. அவருக்கு வந்தது முழங்கால் வலியும் தோள்வலியும்தான். ஈரச் சீமெந்துத் தரையில் மணிக்கணக்காக நின்ற கால் அது.

கடைக்காரர்களோடும் பேசிப் பார்த்திருக்கிறேன். அவர்கள் பக்கத்திலும் நியாயம் உண்டு. 2021இல் இரசாயனப் பசளைத் தடை வந்து சோள விளைச்சல் விழுந்ததும் தீவன விலை ஏறியது. 2022இல் டொலர் இல்லாமல் எல்லாமே ஏறின. பலர் கடையையே மூடினார்கள். ஒரு கடைக்காரர் கேட்டார்: "தம்பி, நான் ஒருத்தன் இபிஎப் கட்டி விலைய ஏத்தினா, பக்கத்துக் கடைக்காரன் கட்டாம இருபது ரூபா குறைச்சு விப்பான். சனம் எங்க போகும்?" உண்மையான கேள்வி. ஒரு கடை தனியாக நேர்மையாக இருந்து தோற்கத் தேவையில்லாதபடி விதி எல்லாக் கடைக்கும் ஒன்றாக இருக்க வேண்டும் என்பதே இதன் பதில்.

பணக்கார நாடுகளிலும் இதே நோய் இருந்தது. ஜெர்மனியில் இறைச்சி ஆலைகள் கிழக்கு ஐரோப்பியத் தொழிலாளரை இடைத்தரகு நிறுவனங்கள் மூலம் எடுத்தன. ஆள் வெட்டுவது ஆலையின் இறைச்சி, முதலாளி வேறு யாரோ. 2020 ஜூனில் ரேடா-வீடன்புறூக்கில் ஒரே ஆலையில் ஆயிரத்தைந்நூறு பேருக்கு மேல் கொரோனா பரவியபோதுதான் நாடே திரும்பிப் பார்த்தது. 2021 ஜனவரியிலிருந்து அறுப்பது, வெட்டுவது போன்ற அடிப்படை வேலைகளுக்கு ஆலை தன் சொந்தத் தொழிலாளரையே வைக்க வேண்டும் என்று சட்டம் வந்தது. எங்கள் வருடாந்தக் குத்தகை முறை அளவில் சிறியது. ஆனால் பொறுப்பு யாரிடமும் நிற்காமல் நழுவுகிற விதம் இரண்டிலும் ஒன்றுதான்.

சின்ன மகன்

சின்ன மகன் கடையில் நிற்கவே விரும்பவில்லை. பாசிக்குடாவில் ஒரு ஹோட்டல் சமையலறையில் இறைச்சி வெட்டுகிற வேலை கிடைத்தது. வெட்டுவது அதே இறைச்சி, அதே கை. ஆனால் தலைக்குத் தொப்பி, காலுக்குச் சப்பாத்து, மாதச் சம்பளம், சேவைக் கட்டணத்தில் பங்கு, சேமலாப நிதி எல்லாம் உண்டு. கலியாணம் பேச வருகிறவர்களிடம் "ஹோட்டல்ல வேலை" என்று சொல்லலாம். இந்தக் கடைசி விஷயத்தை நாம் இலேசாக எடுக்கக் கூடாது. இறைச்சிக் கடைப் பையன் என்றால் பெண் கொடுக்கத் தயங்குகிற வீடுகள் இருக்கின்றன. தட்டில் இறைச்சி வேண்டும், அதை வெட்டிக் கொடுத்தவன் மருமகனாக வேண்டாம் என்பது பெரிய அநியாயம்.

இப்போது அவர் வளைகுடாவுக்குப் போக ஓடித்திரிகிறார். அங்கே சுப்பர்மார்க்கட்டுகளின் இறைச்சிப் பகுதிக்கு ஆள் எடுக்கிறார்கள். மார்க்கமுறை தெரிந்த, எலும்புப் பிரிப்பு தெரிந்த ஆளுக்கு அங்கே கிராக்கி உண்டு. தடை ஒன்றுதான்: கையில் சான்றிதழ் இல்லை. படிக்காமல் வேலையில் பழகிய திறமையைச் சோதித்து தேசிய தொழில் தகைமைச் சான்றிதழ் கொடுக்கும் வழி இலங்கையில் இருக்கிறது. தச்சருக்கும் மேசனுக்கும் அப்படிக் கிடைத்திருக்கிறது. இறைச்சி வெட்டுகிறவர்களை அந்த வழியில் கூட்டிக்கொண்டு போக யாரும் முன்வரவில்லை. வந்தாறுமூலை கிழக்குப் பல்கலைக்கழகத்தில் விவசாய பீடம் இருக்கிறது, கால்நடை விஞ்ஞானம் படிப்பிக்கிறார்கள். மாணவர்கள் பண்ணைக்குப் போவதுபோல மடுவத்துக்கும் போய், வாப்பாவைப் போன்றவர்களிடம் கற்று, அவர்களுக்குச் சுகாதார முறையைக் கற்றுக் கொடுத்தால் இரண்டு பக்கத்துக்கும் நன்மை.

பெண்களின் வேலையை இந்தக் குடும்பத்தில் தேடினேன். உம்மா வீட்டில் பாபத் (மாட்டின் இரைப்பை) கழுவிச் சுத்தம் பண்ணிக் கொடுத்து வந்திருக்கிறார். அது கடை விலையில் சேர்ந்தது, கூலியில் சேரவில்லை. மருமகள் வீட்டுக் காணியில் ஒரு கொட்டில் போட்டு, குஞ்சும் தீவனமும் கடனுக்கு எடுத்துப் புரொய்லர் வளர்த்துப் பார்த்தார். 2022இல் தீவன விலை அடித்த அடியில் விட்டுவிட்டார், கடன் மட்டும் நின்றது.

என்ன செய்யலாம்

பெரிய திட்டம் எதுவும் கேட்கவில்லை. சபை டெண்டர் பத்திரத்தில் ஏற்கெனவே பல நிபந்தனைகள் போடுகிறது: கடை சுத்தம், விலைப்பட்டியல், தராசு. அதோடு இன்னும் நாலு வரி சேர்த்தால் போதும். கடையிலும் மடுவத்திலும் வேலை செய்கிறவர்களின் பெயர்ப்பட்டியலைச் சபைக்குக் கொடுக்க வேண்டும். ஒவ்வொருவருக்கும் சேமலாப நிதி கட்டிய பற்றுச்சீட்டைக் காட்டினால்தான் அடுத்த காலாண்டு கடை திறக்கலாம். வெட்டுப்படாத கையுறையும் வழுக்காத சப்பாத்தும் குத்தகைக்காரரின் செலவு. குத்தகை கை மாறினாலும் பழைய தொழிலாளர் தொடர்ந்து வேலை செய்ய முதல் உரிமை உண்டு. டெண்டர் கேட்கிற எல்லோருக்கும் ஒரே நிபந்தனை என்பதால் எவரும் பக்கத்துக் கடையைக் காட்டித் தப்ப முடியாது. டெண்டர் தொகை கொஞ்சம் குறையலாம். அந்தக் குறைவைச் சபை தாங்கிக்கொள்ளட்டும். இவ்வளவு காலமும் அதைத் தொழிலாளியே தாங்கி வந்திருக்கிறார்.

கோழிக்கடைகள் பெரும்பாலும் டெண்டரில் வருவதில்லை. அவற்றுக்கு வருடாந்த அனுமதிப்பத்திரம் புதுப்பிக்கும் நேரத்தில் இதே நிபந்தனைகளைக் கேட்கலாம். சுகாதாரப் பரிசோதகர் வருகிற அன்று தொழில் திணைக்கள அதிகாரியும் கூட வந்தால் ஒரு மாவட்டத்தின் நிலைமை சில மாதங்களில் வெளிச்சத்துக்கு வரும்.

பெரிய மகனின் நட்டஈட்டுக் கோரிக்கையை எழுதி முடித்திருக்கிறோம். கடைக்காரர் வாப்பாவின் சாச்சா (சித்தப்பா) மகன் என்பதால் குடும்பத்துக்குள் இன்னும் பேச்சு நடக்கிறது. வாப்பா வேண்டாம் என்கிறார். பெரிய மகனின் மனைவி, மூன்று பிள்ளைகளின் பள்ளிக்கூடச் செலவைச் சொல்லி, கொடுத்தே ஆக வேண்டும் என்கிறார். வருகிற கிழமை பெரிய மகனும் மனைவியும் மட்டக்களப்புத் தொழில் அலுவலகத்துக்குப் போகிறார்கள்.